ரெட்டிபாளையத்தின் இடர்க்கணக்கு

மருதையாற்றை முதன்முறையாகக் காண்பவர் அதனை ஆறு என்று ஒப்புக்கொள்ளச் சற்றுத் தயங்குவார். பச்சைமலைத் தொடரில் பிறந்து, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரிக் காடுகளினூடே நெளிந்து, கொள்ளிடத்தில் சென்று சேரும் இவ்வாறு ஆண்டின் பெரும்பகுதியில் மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கிறது. ஆடு மேய்ப்பவர்கள் கால் நனையாமல் அதனைக் கடந்து போகிறார்கள். மாடு கட்டுபவர்களும் துணி உலர்த்துபவர்களும் உண்டு. அது எவரையும் அச்சுறுத்துவதில்லை.

1956 நவம்பர் 23 அன்று விடியும் வேளையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே இந்த ஆற்றைக் கடக்க முற்பட்டது. தொடர்மழையில் பெருகிய வெள்ளம் பாலத்தை ஒட்டிய கரையை அரித்திருந்தது. என்ஜினும் அதனைத் தொடர்ந்த பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில்தான் மெகபூப்நகர் அருகே ஒரு பாலம் மழைவெள்ளத்தில் இடிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். அப்போதே இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார். நேரு அதனை ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின்னர் ஏற்றுக்கொண்டார்.

அரசியல் அறம் பற்றிப் பேசுகிற மேடைகளில் அரியலூரின் பெயர் இன்றும் ஒலிப்பது இந்தப் பதவி விலகலின் பொருட்டே. 1957 தேர்தலில் அவ்விபத்து முழக்கமாகவும் ஆயிற்று. அமைச்சர் விலகியதை நாம் மறக்கவில்லை. ஆறு வந்ததை மறந்துவிட்டோம். வறண்ட ஓர் ஆறு ஒரே இரவில் எவ்வளவு தண்ணீரைக் கொண்டுவர முடியும், அந்த மழை எப்படிப் பெய்தது, எந்தெந்த ஓடைகள் அதற்கு நீரூட்டின என்பவற்றைச் சொல்லக்கூடிய முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அரியலூர் தனி மாவட்டமாக மீண்டும் உருப்பெற்ற நாளும் ஒரு நவம்பர் 23, 2007-ஆம் ஆண்டில். மாவட்டத்தின் பிறந்தநாளும் அவ்விபத்தின் நினைவுநாளும் ஒன்றே என்பதை எங்கள் வகுப்புகளில் கூறும்போது மாணவர்கள் வியப்படைகிறார்கள். அந்த வியப்பே அவர்கள் அதனை இதற்குமுன் கேள்விப்பட்டதில்லை என்பதற்குச் சான்று.

ஒரு சிற்றூர் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு ஆயத்தமாக வேண்டும் என்பதை யார், எவ்வாறு முடிவு செய்வது என்ற வினா எங்களுக்கு இங்கிருந்தே எழுந்தது.

*

எங்கள் கல்லூரித் தமிழ்த்துறையைச் சேர்ந்த ஆசிரியர்கள் இருவரும், நாட்டு நலப்பணித் திட்ட மாணவ மாணவியர் இருபத்தைந்து பேருமாக, ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு ரெட்டிபாளையம் சென்றிருந்தோம். மரம் நடுதல், கோயில் வளாகத் தூய்மை, கண் பரிசோதனை என்னும் வழக்கமான நிகழ்ச்சிகளோடு, ஊர் எதிர்கொள்ளும் இயற்கை இடர்களை ஊராரோடு சேர்ந்து மதிப்பிடுவது என்ற பணியையும் இம்முறை எடுத்துக்கொண்டோம். தொல்காப்பியமும் சிலப்பதிகாரமும் நடத்துகிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று அறிவியல் துறை நண்பர்கள் சிலர் வேடிக்கையாகக் கேட்டனர். அதற்கான விடை முகாமின் மூன்றாம் நாளில்தான் கிடைத்தது.

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் சாலையில், வி. கைகாட்டியை ஒட்டிய பகுதி இது. இங்கே தரைக்குக் கீழே இருப்பது பழைய கடல். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இப்பரப்பில் கடல் புகுந்து பின்வாங்கியது. அதன் சிப்பிகளும் நத்தைகளும் படிந்து இறுகிய அடுக்குகளை 1862-இல் ஹென்றி பிளான்ஃபோர்டு விரிவாக எழுதினார். அவருக்குப் பின் ஸ்டொலிச்கா அந்தப் புதைபடிவங்களை இனம் பிரித்து வகைப்படுத்தினார். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் உலக உயிர்களில் பெரும்பகுதியை அழித்த ஊழிக்காலத்தை ஆராய்பவர்கள் இன்றும் அரியலூர்ப் பாறைகளைத் தேடி வருகிறார்கள். அதே சிப்பிகள்தாம் சுண்ணாம்புக்கல்லாகி, சிமெண்டாகி, தமிழகத்தின் பாலங்களும் அடுக்குமாடிகளுமாக எழுந்து நிற்கின்றன. ஊரைச் சுற்றிலும் ஆலைகளின் புகைபோக்கிகள், சுரங்கங்கள், இரவும் பகலும் ஓயாத லாரிகள். இடையிடையே கடலையும் பருத்தியும் சோளமும் முந்திரியும்.

எங்கள் கையில் ஒரு படிவம் இருந்தது. இயற்கைப் பேரிடர்களாக அரசு ஏற்றுக்கொண்டவற்றை ஒட்டி அதனை நாங்களே ஆயத்தம் செய்திருந்தோம். 15-ஆம் நிதிக்குழுவின் காலமாகிய 2021 முதல் 2026 வரையிலான விதிகளின்படி, மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து துயர்துடைப்புப் பெறத்தக்க பேரிடர்கள் பன்னிரண்டு: புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனியும் குளிரலையும். ரெட்டிபாளையத்து வேப்பமரத்தடியில் அமர்ந்து இப்பட்டியலை ஒரு மாணவி உரக்கப் படித்தார். பனிச்சரிவு என்றதும் ஒரு பெரியவர், "அது எந்த ஊர்ல பாப்பா வரும்?" என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொன்றாகக் குறித்தோம். வறட்சி, உண்டு. பூச்சி, உண்டு. புயல், கடலோரம் கரையேறும்போது இங்கே காற்றும் மழையும் உண்டு. வெள்ளம் என்ற இடத்தில் வாக்குவாதம் எழுந்தது. மற்றவற்றின் எதிரே 'இல்லை' என எழுதி முடித்தபோது, எங்கள் படிவம் இவ்வூரை ஏறத்தாழ இடரற்ற ஊராகக் காட்டியது.

*

அடுத்த நாள் படிவத்தைப் பையில் வைத்துவிட்டுக் கோலமாவைக் கையில் எடுத்தோம். ஊரின் வரைபடத்தை ஊராரே தரையில் வரைவது என்பது கிராம ஆய்வுகளில் நன்கு அறியப்பட்ட முறை. சாலை, தெருக்கள், பள்ளி, தண்ணீர்த்தொட்டி, கோயில்கள், சுடுகாடு எனப் பெண்கள் விரைந்து வரைந்தார்கள். ஆண்கள் சுற்றி நின்று திருத்தம் சொன்னார்கள். எண்பதைக் கடந்த ஒரு மூதாட்டி, கைத்தடியால் ஓரிடத்தைத் தொட்டு, "இங்கன ஒரு ஓட போவுது, போடு" என்றார். "அங்க ஏது ஆயா ஓட? கருவக்காடுல்ல கெடக்கு" என்றான் ஓர் இளைஞன். அவர் அவனைப் பார்க்கவுமில்லை. மாவு வைத்திருந்த மாணவியிடம், "நீ போடு பாப்பா. பேஞ்சா அவனே பாத்துக்குவான்" என்றார்.

அவள் போட்டாள். அந்தக் கோடு புதிதாக வீடுகள் எழுந்திருந்த ஒரு தெருவின் பின்புறமாகச் சென்றது. அதுவரை வெள்ளம் இங்கே எங்கே வரும் என்று வாதிட்டவர்கள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஒருவர், தாம் சிறுவனாக இருந்தபோது அப்பகுதியில் ஒரு மழைக்காலத்தில் இடுப்பளவு நீர் நின்றதாகச் சொன்னார். இன்னொருவர் அதற்கும் முந்தைய மழையைச் சொன்னார்.

அரியலூர் மாவட்டத்தில் வெள்ளம் என்றதும் அலுவலர்களின் நினைவுக்கு வருவது கொள்ளிடக்கரை. அது நியாயமே. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தபோது திருச்சியில் தொண்ணூறு ஆண்டுப் பழமையுடைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. முக்கொம்பில் கொள்ளிட அணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. திருமானூர்ப் பகுதி மக்களுக்கு அந்த நாள்களின் அச்சம் நன்கு தெரியும். ஆயினும் கொள்ளிடத்து வெள்ளம் மேட்டூரிலிருந்து புறப்பட்டு வருவது. திறக்கப்படும் நீரின் அளவு அறிவிக்கப்படுகிறது. தண்டோரா போட நேரம் இருக்கிறது. ஓடைக்கு மேட்டூர் இல்லை. மேற்கே பெய்த மழை சில மணி நேரத்தில் வாசலில் வந்து நிற்கும். மாவட்ட வரைபடத்தில் ஒரு வட்டம் முழுவதும் ஒரே வண்ணத்தில் தீட்டப்படும்போது, அந்த வண்ணத்துக்குள் ஓடை தெரிவதில்லை. மூதாட்டியின் கைத்தடிக்கே அது தெரிந்தது.

*

வரைபடம் முடிந்ததும் ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டைகளைக் கொடுத்தோம். எதற்கு அதிகம் அஞ்சுகிறீர்களோ அந்த இடத்தில் அதிகம் வையுங்கள். பட்டியலில் இல்லையெனில் நீங்களே ஒரு வட்டம் வரைந்து அதில் வையுங்கள் என்றோம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி நிறக் குறிகள்.

ஆண்களின் கொட்டைகள் பெரும்பாலும் வறட்சியில் விழுந்தன. 2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அந்த ஆண்டு தோண்டி நீரற்றுப்போன ஆழ்துளைக் கிணறுகளின் கடனை இன்றும் கட்டுகிறவர்கள் அக்கூட்டத்தில் இருந்தார்கள். பெண்கள் நான்கு புதிய வட்டங்களை வரைந்தார்கள். கடலைக் காட்டில் களை எடுக்கையில் விழும் இடி. சித்திரை, வைகாசி நண்பகலில் நிழலில்லாத வேலை. இரவில் பாம்பு. நான்காவது, மழைநீர் நிரம்பிய பழைய கல்குழிகள். இந்த நான்கில் ஒன்றுகூட எங்கள் படிவத்தின் பன்னிரண்டில் இல்லை.

அவர்களின் அச்சம் மிகையானதா என்பதை முகாம் முடிந்தபின் சரிபார்த்தோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். இயற்கைச் சக்திகளால் நேர்ந்ததாக அக்காப்பகம் பதிவுசெய்த சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம் இது. நீரில் மூழ்கி இறப்பவர்களோ நாட்டில் ஆண்டுக்கு 35 ஆயிரத்துக்கும் மேல். அவை 'விபத்து' என்ற தலைப்பின்கீழ்ச் சென்றுவிடுகின்றன. பாம்புக்கடியால் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. புயலும் வெள்ளமும் ஊரை ஒருசேரத் தாக்குகின்றன, செய்தியாகின்றன. இவை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்துக் கொல்கின்றன. சாவு தனித்தனியே நிகழ்வதால் அதனைப் பேரிடர் என்று எவரும் அழைப்பதில்லை.

பெண்கள் சொன்னவற்றில் எங்களை நெடுநேரம் சிந்திக்கவைத்தது, அவை ஒன்றோடொன்று பிணைந்திருந்த விதம். கோடையில் தகரக் கூரையின்கீழும் கான்கிரீட் தொகுப்பு வீட்டினுள்ளும் இரவில் படுக்க இயலவில்லை. ஆகவே வாசலிலும் களத்திலும் பாய் விரிக்கிறார்கள். கட்டுவிரியன் தரையில் படுத்திருப்பவரைத் தேடிவந்து கடிப்பதில்லையென்றாலும், இரவில் நடமாடும் பாம்பு அது. கடித்தது தெரியாமலே உறங்குபவர் இறந்துபோவதும் உண்டு. படிவத்தில் வெப்பத்துக்கு ஒரு கட்டமும் பாம்புக்கு ஒரு கட்டமும் தனித்தனியே சேர்த்துவிடலாம். ஆனால் ஒரு கயிற்றுக்கட்டிலும் கொசுவலையும் இரண்டு கட்டங்களையும் ஒருசேரக் குறைக்கும் என்பது, கூரையில் தொடங்கிப் பாம்பில் முடியும் அந்தச் சங்கிலியைச் சொல்லக் கேட்டால்தான் விளங்கும்.

*

மூன்றாம் நாளில் விடை கிடைத்தது என்றோமல்லவா? சொற்களில் கிடைத்தது. தமிழில் துன்பத்தைக் குறிக்க இடர், இடுக்கண், இடும்பை, ஏதம், ஊறு, அல்லல் என எத்தனையோ சொற்கள் உள்ளன. திருக்குறளில் இடுக்கண் அழியாமைக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. இவற்றுள் 'இடர்' என்பதற்குப் 'பேர்' என்ற அடை சேர்த்து நம் காலம் ஒரு நிருவாகச் சொல்லை ஆக்கிக்கொண்டது. அந்த அடைமொழிக்குச் சட்டப்பொருள் உண்டு. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், ஒரு நிகழ்வைப் பேரிடராகக் கொள்ள வேண்டுமெனில் அதன் தன்மையோ அளவோ பாதிக்கப்பட்ட பகுதியின் சமூகம் சமாளிக்கும் திறனுக்கு அப்பாற்பட்டதாக இருக்க வேண்டும் என வரையறுக்கிறது. அரசின் நிதியையும் ஆற்றலையும் எங்கே செலுத்துவது என்று முடிவுசெய்ய இத்தகைய எல்லை தேவைதான். ஆனால் ஒரு குடும்பத்தின் திறனை விஞ்சியது ஊரின் திறனை விஞ்சியதாகக் கொள்ளப்படுவதில்லை. மகனைக் குழிநீரில் இழந்த தாய்க்கு அது பேரிடர், வரையறைக்கு அன்று.

வரையறைகள் மாறாதவை அல்ல என்பதும் உண்மை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலத்துக்குரிய பேரிடராக அறிவித்தது. அதனால் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் உதவிக்கும் வழிசெய்தது. வெயில் அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் கொன்றுகொண்டுதான் இருந்தது. ஒரு சொல் ஒரு பட்டியலில் ஏறியபோது வெயிலில் இறந்தவரின் குடும்பத்துக்கு ஒரு கதவு திறந்தது. அதே ஆண்டு நவம்பரில் பாம்புக்கடி தமிழகத்தில் அறிவிக்கத்தக்க நோயாயிற்று. மருத்துவமனைகள் கணக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாராய்ச்சி என்பது வகுப்பறைக்குள் அடங்கும் செயலன்று என்பதை இதனினும் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு எங்களுக்குத் தெரியவில்லை.

*

இனி, குழிகள். சுண்ணாம்புக்கல் வெட்டப்பட்ட பள்ளங்கள் அரியலூர் மாவட்டம் எங்கும் உள்ளன. சுரங்கம் நடத்துவோர் மூடல் திட்டம் ஒன்றை முன்வைத்தாக வேண்டும் என்பது 2003 முதல் விதி. அதற்கு முன்னரே தோண்டப்பட்டு, பல கைகள் மாறி, உரிமையாளர் எவரென்று ஊராருக்கே தெரியாத சிறுகுழிகளும் உள்ளன. மழைக்காலத்தில் அவை நிரம்புகின்றன. குளத்துக்குப் படித்துறை உண்டு. ஏரிக்குச் சரிவு உண்டு. குழிக்கு விளிம்பு மட்டுமே உண்டு. ஓரடி எடுத்துவைத்தால் மூன்று ஆள் ஆழம். மாவட்டத்தின் வேறொரு மூலையில் அத்தகைய குழியொன்றில் தம்பியைப் பறிகொடுத்த மாணவி ஒருத்தி எங்கள் முகாமில் இருந்தாள். பெண்கள் நான்காவது வட்டத்தை வரைந்தபோது கோலமாவை அவளிடம்தான் கேட்டு வாங்கினார்கள். அவள் கொடுத்துவிட்டு, அந்த வட்டத்தில் தானும் ஒரு புளியங்கொட்டை வைத்தாள். நாங்கள் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

குழிகளை மூடிவிடுங்கள் என்று எழுதிவிட்டால் கணக்கு எளிதாக முடிந்திருக்கும். அவ்வாறு எழுத ஆண்கள் ஒப்பவில்லை. பங்குனிக்குப் பின் ஏரி வற்றியதும் மாட்டுக்கும் பயிருக்கும் தண்ணீர் தருவது குழிதான் என்றார்கள். வறட்சிக் காலத்தில் அது ஊரின் வலிமை. ஐப்பசியில் அதுவே கண்ணி. ஒரே பள்ளம் இடருக்கான பத்தியிலும் இடரைத் தாங்கும் திறனுக்கான பத்தியிலும் இடம்பெற வேண்டியிருந்தது. நெடிய பேச்சுக்குப் பின் ஊரார் கண்ட வழி: நீர் எடுக்கப்படும் குழிகளுக்கு ஒருபுறம் சரிவான இறங்குதுறை, மற்றப் பக்கங்களில் முள்வேலி, விளிம்பில் கயிறு கட்டிய மிதவை, பிள்ளைகளுக்கு நீச்சல். இவற்றை யார் செய்வது என்ற பத்திக்கு வந்தபோது, யார் பெயரை எழுதுவது என்று மாணவன் கேட்டான். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாமல், 'முடிவு செய்யப்பட வேண்டும்' என்று எழுதினோம். வெறுங்கட்டம் கண்ணில் படாது. எழுதப்பட்ட வாக்கியம் என்றாவது ஒருவரைக் கேள்வி கேட்கும்.

இக்குழிகள் இயற்கை இடரா, மனிதர் ஆக்கியவையா என்று முகாமில் ஒரு மாலை முழுவதும் விவாதம் நடந்தது. 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் அழிந்தபோது ஐரோப்பிய அறிவுலகில் எழுந்த விவாதமும் இதுவே. கடவுளின் கருணையையும் உலகின் ஒழுங்கையும் ஐயுற்று வோல்தேர் கவிதை எழுதினார். மறு ஆண்டு ரூசோ அவருக்கு எழுதிய கடிதத்தில், அத்தனை மாடி வீடுகளை அவ்வளவு நெருக்கமாக அங்கே எழுப்பியது இயற்கையன்று என்று வாதிட்டார். இடர் மதிப்பீட்டு அறிவியல் இன்று சொல்வதன் சாரமும் இதுதான்: நேரக்கூடியது எது என்பது கணக்கின் ஒரு பகுதி மட்டுமே, அதன் வழியில் நிற்பவர் யார், அவர் ஏன் அங்கே நிற்க நேர்ந்தது, அவரிடம் தாங்கும் திறன் எவ்வளவு என்பவை மற்றப் பகுதிகள். மருதையாற்றில் 1956-இல் பெய்த மழை இயற்கையானது. அரிக்கப்பட்ட கரையின்மேல் வண்டி வந்தது இயற்கையன்று. கடலைக் காட்டில் விழும் இடி இயற்கையானது. கருமேகம் திரளும்போதும், கூலி பிடிக்கப்படும் என்றஞ்சி ஒரு பெண் களைக்கொத்தைக் கீழே வைக்காமல் நிற்பது இயற்கையன்று.

*

முகாமின் கடைசி இரவில் மாணவர்களிடம் சிமலு தீவைப் பற்றிப் பேசினோம். இந்தோனேசியாவின் சுமத்திராவை அடுத்த அச்சிறுதீவு, 2004 டிசம்பர் 26-இல் நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது. சில நிமிடங்களில் அலைகள் வந்தன. எந்த எச்சரிக்கைக் கருவியும் அங்கே இல்லை. ஏறத்தாழ 78 ஆயிரம் பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் என்றே பதிவாகியுள்ளது. 1907-இல் அத்தீவை ஓர் ஆழிப்பேரலை அழித்திருந்தது. 'ஸ்மோங்' என்று தம் மொழியில் அதற்குப் பெயரிட்டு, தாலாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். நிலம் பலமாக நடுங்கி, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் குன்றுக்கு ஓடு என்பதே அதன் உட்பொருள். ஓடினார்கள்.

நம்மிடமும் பாட்டு இருந்தது. விபத்தையும் வெள்ளத்தையும் கொலையையும் சிந்தாகக் கட்டி, சிறுபுத்தகமாக அச்சிட்டு, இரயிலிலும் சந்தையிலும் பாடி விற்ற மரபு சென்ற நூற்றாண்டின் பாதிவரை தமிழகத்தில் செழித்திருந்தது. அவை கேட்போரை அழவைத்தன, இறந்தவரை எண்ணிப் புலம்பின, விதியைச் சாடின. அடுத்தமுறை என்ன செய்வது என்பது அவற்றின் வேலையாக இருக்கவில்லை. புலம்பலை நாம் பெரிய கலையாக வளர்த்தோம். எச்சரிக்கையைப் பழமொழிகளுக்கும் மூதாட்டிகளின் கைத்தடிக்கும் விட்டுவிட்டோம். கைத்தடியை ஊன்றியவர் போய்விட்டால் ஓடை எந்தப் பக்கம் என்று காட்ட ஆளில்லை.

ஆதலால் முகாம் முடிவில் செய்தவை எளியவை. தரையில் வரைந்த படத்தைப் பெரிய தாளில் இரண்டு படி எடுத்தோம். ஒன்று ஊராட்சிக்கு, மற்றொன்று பள்ளிச் சுவருக்கு. ஓடையின் கோட்டை நீலத்தில் தடிமனாக வரைந்து, நீர் நின்றதாக முதியவர்கள் கூறிய இடங்களில் புள்ளியிட்டோம். நான்கு புதிய வட்டங்களும் அதில் உள்ளன. மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் இடருக்குள்ளாகும் பகுதிகள் குறிக்கப்பட வேண்டும் என்பதும், அத்திட்டம் ஆண்டுதோறும் மறுபார்வை செய்யப்பட வேண்டும் என்பதும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கின்றன. அத்திட்டத்துக்குள் ஓர் ஊரின் கோலமாவு சென்றுசேர வழி கிராம சபை. தமிழகத்தில் நவம்பர் 1-ஆம் நாளும் இப்போது கிராம சபை நாள்களுள் ஒன்று. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நேரம் அது. வரவு செலவும் பயனாளிகள் பட்டியலும் படிக்கப்படும் அக்கூட்டத்தில், ஊரின் இடர்ப்பட்டியலையும் ஆண்டுக்கொருமுறை உரக்கப் படித்து, சென்ற ஆண்டு எழுதியதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கேட்கலாம். இதற்கு நிதி தேவையில்லை. கால்மணி நேரமும் குரலுள்ள ஒருவரும் போதும்.

இதனைப் படிப்பவர்களுள் பலர் சிற்றூர்களில் பிறந்து நகரங்களில் வாழ்பவர்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, வீட்டின் மூத்தவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, நம் ஊரில் தண்ணீர் எந்த வழியாக வந்தது, எதுவரை நின்றது என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். இடி விழுந்த மரம் எது, பிள்ளைகளைப் போகவிடாத பள்ளம் எது என்றும் கேளுங்கள். தாளின் மூலையில் தேதியிட்டு ஊராட்சியில் ஒரு படி கொடுங்கள். ரெட்டிபாளையத்துத் தாளில் 'முடிவு செய்யப்பட வேண்டும்' என்று நாங்கள் எழுதிய கட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. வரும் நவம்பர் 1 அன்று அதனை அங்கே உரக்கப் படிப்பதாக, தம்பியை இழந்த அந்த மாணவி சொல்லியிருக்கிறாள்.